குடிமையியல் பாடம் எடுக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஒன்பதாம் வகுப்பில் குடிமையியல் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று போனில் வருத்தப்பட்டாய். எனக்கு வாத்தியார் வேலை தெரியாது. ஆனால் ஊராட்சி செயலராக வேலை பார்த்த காலம் முழுக்க, அந்தப் பாடத்தில் இருப்பது நடக்கிற இடத்தில்தான் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் தோன்றுவதை எழுதுகிறேன்.

குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம் என்று மேலேயிருந்து ஆரம்பிக்காதே. கிராம சபையிலிருந்து ஆரம்பி. பாப்பா, அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊரின் ஓவர்ஹெட் டேங்கைத் தினமும் பார்க்கிறார்கள். அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது, அதற்கு வருஷத்துக்கு என்ன செலவாகிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியாக வேண்டும் என்பதையும் சொன்னதில்லை.

சபை இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் அதன் உறுப்பினர். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேராவது வந்தால்தான் சபை செல்லும். நம் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், பெரியவர்கள் நாற்காலியில், இளைஞர்கள் வெளியே பைக்கில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டு. கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு ஆகஸ்ட் 15 சபையில், காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து, குடிநீர்ச் செலவை வரி வரியாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஒரே வருஷத்தில் மோட்டார் காயில் இரண்டு தடவை கட்டியிருந்தது. ஏன் என்றாள். வோல்டேஜ் இல்லை, எரிந்துபோகிறது என்றார் ஆபரேட்டர். "அப்போ டிரான்ஸ்பார்மர் கேட்டுத் தீர்மானம் போடுங்க" என்றாள். போட்டோம். அவளைப் பற்றி நான் பெருமையாக நினைப்பது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான். ஒவ்வொரு சபைக்கும் வந்து, "போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். டிரான்ஸ்பார்மர் வர ரொம்ப நாள் ஆனது. அதற்குள் பைக்கில் சாய்ந்திருந்த பையன்களில் சிலர் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

கேள்வி கேட்கச் சொல்லித்தருவதோடு, பதில் வரும் வரை பின்னாலேயே போகவும் சொல்லித்தர வேண்டும் பாப்பா. திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் இருக்கிற வேலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க எத்தனை பேர் வருகிறார்கள்! கொடுத்ததோடு முடிந்தது என்று போய்விடுகிறவர்கள்தான் அதிகம். ரசீதை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருந்தால் அவர்கள் எவ்வளவோ அலைச்சலைத் தவிர்த்திருப்பார்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டமும் அப்படித்தான். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. ஒரு மனுவை வகுப்பிலேயே எழுத வைத்துப் பார். எந்த அலுவலகம், எந்த வருஷம், என்ன ஆவணம் என்று தெளிவாகக் கேட்கப் பழகுவதற்குள் ஒரு பீரியட் போய்விடும். போகட்டும்.

ஓலையில் பேர் எழுதிப் பானையில் போட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுத்த உத்திரமேரூர் குடவோலை உன் பாடத்தில் கட்டாயம் வரும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருஷம் பழசு. பானையும் ஓலையும் பிள்ளைகளுக்கு எப்படியும் பிடித்துவிடும். நீ அழுத்திச் சொல்ல வேண்டியது வேறொன்று: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கூடவே, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொல். உன் வகுப்பில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அதன் அருமை அப்போது விளங்கும்.

பிரிக்கப்படாத நம் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்தே இரண்டு கதை சொல்லலாம். ஒன்று பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே நஷ்டஈடு கொடுத்து நிலத்தையும் சீர்செய்ய வேண்டும் என்பது அதில்தான் நம் நாட்டுச் சட்டமாக உறுதியானது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் 'வேலூர் வழக்கு' படிக்கிறார்கள். ஆறு இன்னும் சரியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல். பிள்ளைகளிடம் பாதி உண்மை சொல்லக் கூடாது.

இன்னொன்று 2019. ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், வாக்காளருக்குக் கொடுக்க வைத்திருந்ததாகப் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஊரே தலைகுனிந்த நாள் அது. ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்" என்று சொல்கிற பையனிடம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டு. வாங்கிய பணத்துக்கும் போட்ட ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களே பேசட்டும், நீ குறுக்கே தீர்ப்பு சொல்லாதே. வீட்டில் பணம் வாங்கியிருப்பார்கள். பெற்றோரை நீ குற்றம் சொல்வதாகப் பட்டால் அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.

உங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளும் இருக்கிறார்களே, 17 முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். 18 முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாள் இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று வருஷத்துக்கு நான்கு. தலைமையாசிரியரிடம் பேசி ஒரு நாள் முகாம் வைக்கப் பார்.

அக்டோபர் 2-க்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து ஊராட்சிக்குக் கூட்டிப் போக முடியுமா? கை தூக்க அவர்களுக்கு உரிமை இல்லை, உட்கார்ந்து கேட்கலாம். தலைவரிடமும் செயலரிடமும் முதலிலேயே சொல்லிவிடு, மரியாதையாக இருக்கும். பெற்றோர் சம்மதக் கடிதத்தையும் மறக்காதே. வரவு செலவு அறிக்கையில் என்னென்ன தலைப்பு வரும் என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. என்ன கேட்டார்கள் என்று அப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
அப்பா