இயக்கிகளைத் தேடிப் போன வருடம்: மன்றச் செயலாளர் அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். எத்தனை கூட்டம், யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் உருப்படியாக நடந்தது ஒன்றுதான், மார்த்தாண்டத்திலிருந்து வேன் பிடித்து, பழைய சமணக் கோயில் இருக்கும் சிதறால் மலைக்குப் போனது. வேன் ஒரு மணி நேரம் தாமதம், அந்தப் பழி என்னுடையது.

மேலே பாறையில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள், எல்லாரும் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அம்பிகை என்ற சமண அம்மன் முன்னால்தான் நம் அக்காமார் நின்றுவிட்டார்கள். கூடவே ஒரு சிங்கம், இரண்டு பிள்ளைகள். துறவிக்குச் சோறு போட்டதற்காகப் புருஷன் விரட்டிய பெண், பிள்ளைகளோடு வெளியேறி, உயிரை விட்டு, நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம் ஆனாள், அந்தப் புருஷனே சிங்கமாகப் பிறந்து அவளுக்கு வாகனமானான் என்பது சமணர் சொல்லும் கதை. "சுமக்கட்டும்" என்றார் ஒரு மாமி.

சமணத்தில் ஏது அம்மன் என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பு இல்லாமல் முக்தி அடைந்தவர், அவரிடம் பிள்ளை வேண்டும், காய்ச்சல் தீர வேண்டும் என்று கேட்டு என்ன பயன்? அதற்குத்தான் இயக்கிகள். 24 தீர்த்தங்கரர்களுக்கும் ஆளுக்கு ஒருத்தி, பார்சுவநாதருக்குப் பத்மாவதி, சந்திரப்பிரபருக்கு ஜ்வாலாமாலினி. இவர்களுக்கும் பிறப்பு இறப்பு உண்டு, ஆகவே வரம் தரலாம், முக்தி தர முடியாது.

கோயிலுக்குள் போனதும் சண்டை வந்துவிட்டது. பத்மாவதி இருந்த இடத்தில் இப்போது பகவதி. பறித்துவிட்டார்கள் என்றார் ஒருவர், என்றைக்கும் பகவதிதான் என்றார் இன்னொருவர். அங்குள்ள பழைய கல்வெட்டு, இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இந்த மலைப் பட்டாரியர் என்ற அம்மனுக்குப் பொன் நகை கொடுத்ததைச் சொல்கிறது. எல்லாம் துறந்தவர் அம்மனுக்கு நகை போட்டிருக்கிறார், எனக்கு அதுதான் பிடித்தது. கும்பிட வந்த கூட்டம் நிற்கவே இல்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்பது என் எண்ணம். கேரளத்தில் பெரும்பாவூர்ப் பக்கம் 'கல்லில்' என்ற கோயிலிலும் இதே மாதிரிதான், சமணக் குகை பகவதி கோயிலாகிவிட்டது. நாட்டார் தெய்வமான இசக்கியின் பெயரும் இயக்கியிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் ஊர் இசக்கியின் கோபம் அம்பிகையிடம் இல்லை, இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் பணம். வேன் வாடகையில் பாதி இன்னும் என் கையிலிருந்து போனதாகவே நிற்கிறது, சந்தா பாக்கி வைத்தவர்கள் யோசிக்கவும். அடுத்து சமணக் கோயில் இருக்கும் பாலக்காடு ஜைனமேடு, காலை 5 மணிக்கே வேன், இந்தத் தடவை டிரைவரை நான் கூப்பிடப் போவதில்லை.