சேர்க்கும்போது இரண்டு டாக்டர், அனுப்பும்போது ஒரு சீட்டு

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், மனநல மறுஆய்வு வாரியங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மனச்சிதைவு நோய் உள்ள அக்காவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நான். அப்பா அம்மா இருந்தவரை அவர்கள் பார்த்தார்கள். இப்போது நானும் என் மனைவியும். அரசு மருத்துவமனையிலும் சேர்த்திருக்கிறோம், தனியாரிலும் சேர்த்திருக்கிறோம். எந்த மருத்துவமனையின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எங்கே போனாலும் ஒரே கதையாக இருக்கும்போது ஒரு வார்டைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2018 மே 29 முதல் அமலில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சேர்க்கை விஷயத்தில் கறாரானது. தானாக வந்து சேர்ந்தவர் 'நான் போகிறேன்' என்றால் அனுப்பிவிட வேண்டும். நிலைமை மோசம் என்று டாக்டர் நினைத்தால் மறுபரிசோதனைக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை 89ஆம் பிரிவில் சேர்ப்பதென்றால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் 30 நாளுக்குத்தான். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள். 30 நாளைத் தாண்டி வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

இதெல்லாம் நல்லதுதான். சொத்துத் தகராறிலும் குடும்பச் சண்டையிலும் 'பைத்தியம்' என்று முத்திரை குத்தி ஆளை உள்ளே தள்ளிய காலத்தை நினைத்தால் இந்தக் கெடுபிடி தேவை என்றே சொல்வேன். நடைமுறையில் தடுமாற்றம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த மாஜிஸ்திரேட் உத்தரவு எல்லாருக்கும் தேவை என்று நினைத்துக்கொண்டு, இன்றைக்கும் காவல் நிலையத்தில் "கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஆனாலும் சேர்க்கும் நாளில் எங்களோடு பேச ஆள் இருக்கிறது. படிவம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, கேள்வி கேட்கிறார்கள்.

அனுப்பும் நாளில்தான் யாரும் இல்லை.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் "நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார். மறுநாள் கையில் ஒரு சீட்டு வரும். ஆங்கிலத்தில். மாத்திரையின் பெயரை மருந்துக்கடைக்காரர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஓ.பி. தேதி அதே மருத்துவமனையில் போட்டிருக்கும். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தால்தான் டோக்கன் கிடைக்கும். அக்காவுக்கு ஒரு சமயம் க்ளோசபின் ஆரம்பித்தார்கள். வேறு மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது மூன்று எழுத்துச் சுருக்கமாக இருந்தது. அதன் அர்த்தத்தை எங்களுக்குச் சொன்னது எங்கள் ஊர் லேபில் வேலை பார்க்கும் பெண். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

சட்டத்தின் 98ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வெளியே அனுப்பும்போதோ சிகிச்சை பார்க்கும் மனநல மருத்துவர் மாறும்போதோ நோயாளியோடும் அவருடைய நியமனப் பிரதிநிதியோடும் (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணைநிற்க அமர்த்தப்பட்டவர்) கூட இருந்து பார்க்கப்போகிறவரோடும், அடுத்து சிகிச்சையைத் தொடரப்போகும் மருத்துவரோடும் கலந்துபேசி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. எங்கள் விஷயத்தில் அந்தக் கலந்துபேசல் பில்லிங் கவுண்டரோடு முடிந்தது. வார்டை விட்டு வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த வாரங்களில் மருத்துவமனையிலிருந்து ஒரு போன் வந்ததில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. தமிழில் ஒரு பக்கம்: என்ன மாத்திரை, எதற்கு, எந்தப் பரிசோதனை, எந்த அறிகுறி வந்தால் தாமதிக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்ற விவரம், அவருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம். முதல் வாரத்துக்குள் ஒரு போன். நேரடியாக டிஸ்சார்ஜ் செய்யும் முன் 91ஆம் பிரிவில் இருக்கும் விடுப்பைப் பயன்படுத்தி வீட்டில் சில நாள் வைத்துப் பார்க்கச் சொல்லலாமே? அப்படி ஒரு வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. இவை நடந்தனவா என்று கேட்கும் ஒரு வரியை உங்கள் ஆய்வுப் படிவத்தில் சேர்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இனி, கூட்டிப்போக யாரும் வராதவர்களைப் பற்றி. அக்காவின் வார்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு தேறி, மற்றவர்களுக்குத் தலைசீவிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு எடுத்துவைத்து, வார்டு வேலையில் பாதியை அவர்களே செய்துகொண்டிருப்பார்கள். கொடுத்த முகவரியில் வீடு இருக்காது, போன் நம்பர் மாறியிருக்கும். அந்தக் குடும்பங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாடகை வீடு காலி செய்யச் சொன்னதையும், தங்கை கல்யாணம் நின்றதையும் நானும் அறிவேன். ஆனால் குடும்பம் ஏற்காததாலோ, வீடு இல்லாததாலோ, சமூகத்தில் வசதி இல்லாததாலோ மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. குணமானவர்களின் மறுவாழ்வுக்கு வழிசெய்யும்படி உச்ச நீதிமன்றம் 2017இல் கௌரவ் குமார் பன்சால் வழக்கில் சொன்னது. சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பேன்யன்' தொண்டு நிறுவனம், நாலைந்து பேரைச் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் உதவியாளரோடு குடிவைத்துக் காட்டியிருக்கிறது. வழி தெரியவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வழி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரில் பெரும்பாலோரை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் குடும்பத்தார்தான். கொடுமைக்காரர்கள் என்பதால் அல்ல, வேறு இடம் இல்லாததால்.

வாரியங்களுக்கு ஒரு வார்த்தை. காகிதத்தைப் பார்த்து நீட்டிப்புக்கு அனுமதி கொடுக்காதீர்கள். 90 நாள், 120 நாள், 180 நாள் என்று சட்டம் படிகட்டி வைத்திருப்பது ஒவ்வொரு படியிலும் யாராவது நின்று ஆளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். வார்டுக்கு வாருங்கள், கேளுங்கள். ஆணையம் ஆண்டுதோறும் இரண்டு எண்ணிக்கைகளை மருத்துவமனை வாரியாக வெளியிடட்டும்: 30 நாளைத் தாண்டி இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் போக இடம் இல்லாததால் மட்டும் இருப்பவர்கள் எத்தனை பேர்.

கடைசியாக ஒரு கேள்வி. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே நியமனப் பிரதிநிதியை அமர்த்திக்கொள்ளலாம். அக்கா நன்றாக இருக்கும்போது என் பெயரை எழுதிக்கொடுத்திருக்கிறாள். எனக்கும் வயதாகிறது. உறவும் இல்லை, பொருத்தமான வேறு ஆளும் இல்லை என்றால் சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் குறிப்பிடும் ஒருவரையோ வாரியம் நியமிக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இதற்கென்று யார் இருக்கிறார்? எந்த மேசைக்கு, எந்த எண்ணுக்கு நாங்கள் பேச வேண்டும்? இதற்கு மட்டுமாவது எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பாளர்