மெலியஸின் கத்தரிக்கோல்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மே மாதப் பட்டறையை, தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போன பிரெஞ்சு மௌனப்பட இயக்குநர் ஜார்ஜ் மெலியஸிலிருந்து தொடங்கலாம் என்ற உன் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் செல்போனில் ‘ஆள் மறையும்’ காட்சி எடுத்தார்கள், வெட்டு துருத்திக்கொண்டு தெரிகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறாய். விடை மெலியஸின் படச்சுருள்களிலேயே இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஓபெரா சதுக்கக் கதை உனக்குத் தெரியும். பாரிஸில் அந்தச் சதுக்கத்தில் மெலியஸ் தெருவைப் படம்பிடிக்கையில் பிலிம் சிக்கிக்கொண்டது, ஒரு நிமிடம் கழித்து மறுபடி சுற்றினார், திரையில் பார்த்தால் குதிரை பூட்டிய பஸ் சவ வண்டியாக மாறிவிட்டது. 1907இல் அவரே எழுதிய கட்டுரையில் இது வருகிறது. பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அதில்தான் வருத்தம். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றுவதை எடிசனின் ஆட்கள் 1895இலேயே, ஸ்காட்லாந்து ராணியின் தலையை வெட்டும் காட்சியில் செய்துவிட்டார்கள். மெலியஸின் சாதனை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

எஞ்சியிருக்கும் பிரதிகளை ஆய்வாளர்கள், முக்கியமாக ழாக் மால்தேத், பிரேம் பிரேமாகப் பார்த்தபோது, ஆள் மாறும் இடங்களில் பிலிமை வெட்டிப் பசையால் ஒட்டிய தடம் இருந்தது. காரணம் கேமராவின் இயல்பு. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 பிரேம். வினாடிக்கு 2 சுற்று, அதாவது 16 பிரேம். கையை எடுத்ததும் அது சட்டென்று நிற்காது. வேகம் குறையக் குறைய ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் கூடுதலாக விழும். மறுபடி தொடங்கும்போதும் அப்படியே. ஆக, நிறுத்திய இடத்தில் சில பிரேம்கள் வெளிறிப்போய்த் திரையில் பளிச்சென்று அடிக்கும். மெலியஸ் அவற்றை வெட்டி எறிந்தார். முன்பின் இரண்டு துண்டுகளிலும் கை, கால், தலை ஒரே நிலையில் இருக்கும் பிரேமைத் தேடி இணைத்தார். அவரை எடிட்டிங் தெரியாதவர் என்று இன்னும் எழுதுகிறார்கள். அது தவறு.

உன் பிள்ளைகளின் பிழையும் இங்கேதான். ஆள் விலகுவதற்காகப் பதிவை நிறுத்தியிருப்பார்கள். பொத்தானைத் தொட்டதும் போன் ஒரு மயிரிழை அசையும். மறுபடி தொடங்கும்போது போகஸும் வெளிச்சமும் தாமாக மாறும். அதனால் பதிவை நிறுத்தவே வேண்டாம். போனை ஸ்டாண்டில் இறுக்கி, காலடியில் மணல் பை வை. திரையில் விரலை அழுத்திப் பிடித்து போகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டு. நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் குறி. ‘அசையாதே’ என்றதும் மறைய வேண்டியவர் மட்டும் வெளியேறட்டும், மற்றவர்கள் சிலையாக நிற்கட்டும். கையை நீட்டியபடி நிற்கச் சொல்லாதே, பத்து வினாடியில் இறங்கிவிடும். இடுப்பில் ஊன்றச் சொல். வெயிலில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடு, நிழல் நகர்ந்துவிடும். வகுப்பறையானால் மின்விசிறியை நிறுத்து, திரைச்சீலையைக் கட்டிவை. டியூப் லைட்டில் பட்டை ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்று. வெட்டை அமைதியான தருணத்தில் வைக்காமல், கைதட்டல், குதிப்பு, புகை என்று ஏதாவது வேகமாக நடக்கும் கணத்தில் வை. நம் புராணப் படங்களில் நாரதர் மறைவதுகூட இந்த வெட்டுதானே, பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

இந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல். அப்பாவுக்கு பாரிஸில் பூட்ஸ் தொழிற்சாலை. 1861இல் பிறந்த மெலியஸ் அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றார். லண்டனில் மேஜிக் காட்சிகளைப் பார்த்துப் பித்தானார். 1888இல் தன் பங்கை அண்ணன்களிடம் விற்று ராபர்ட்-உதான் மேஜிக் அரங்கத்தை வாங்கினார். சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் குடும்பம் தங்கள் படக்கருவியை விற்க மறுத்தபோது, லண்டனில் ராபர்ட் பாலிடம் ஒரு புரொஜெக்டர் வாங்கி, அதைப் பிரித்து ஆராய்ந்து கேமராவாக மாற்றிக்கொண்டார்.

1897இல் பாரிஸை அடுத்த மோன்ட்ரெயில் அவர் கட்டிய ஸ்டுடியோவுக்குச் சுவரும் கூரையும் கண்ணாடி, விளக்கு சூரியன்தான். மேகம் வந்து வந்து போனால் வேலை கெட்டது. அக்காலப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது: சிவப்பு கறுப்பாகும், நீலம் வெளுத்துவிடும். அதனால் செட், உடை, ஒப்பனை எல்லாவற்றையும் கறுப்பு, வெள்ளை, சாம்பலிலேயே செய்தார்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரே பிலிமில் பலமுறை பதியும் அவருடைய முறையைக் கற்றுக்கொடு. 1898இல் தன் தலையைக் கழற்றிக் கழற்றி மேசைமேல் வைத்தார். 1900இல் ஏழு மெலியஸ்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். சூட்சுமம் கறுப்புத் திரை. கறுப்பிலிருந்து ஒளி வராது, பிலிமில் அந்த இடம் எதுவும் பதியாமல் புதிதாகவே இருக்கும். சுருளைப் பின்னுக்குச் சுற்றி அங்கே இன்னொன்றைப் பதியலாம். சிரமம் நடிகருக்கு. முந்தைய பதிவில் எந்த வினாடியில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏழாவது பதிவில் ஒரு தப்படி, அல்லது திரும்பத் திரும்பச் சுற்றிய பிலிமில் ஒரு கிழிசல் என்றால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. தலை ஊதிப் பெரிதாகும் படத்தில் கேமரா நகரவில்லை. சாய்தளத்தில் நாற்காலியோடு அவரைத்தான் கேமராவை நோக்கி இழுத்தார்கள்.

‘நிலவுக்குப் பயணம்’ 1902. நீளம் சுமார் 260 மீட்டர், செலவு 10,000 பிராங்க் என்று அவரே சொன்னார். அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் முதலாகப் பலர் திருட்டுப் பிரதி போட்டு விற்றார்கள். அதைத் தடுக்க அண்ணன் கஸ்தோன் நியூயார்க்கில் கிளை திறந்தார். அங்கே அனுப்ப இரண்டாவது நெகட்டிவ் தேவைப்பட்டதால் இரண்டு கேமராக்களை அருகருகே வைத்து எடுத்தார்கள். அந்த இரண்டு நெகட்டிவிலிருந்து வந்த பிரதிகளைச் சேர்த்து, அப்படி எடுத்த சில படங்களை இப்போது முப்பரிமாணமாகவே பார்க்க முடிகிறது!

அவரை வீழ்த்தியது விற்பனை முறை. பிரதியை மீட்டர் கணக்கில் விற்றார்; வாங்கிய சந்தைக் கொட்டகைக்காரர் தேயும்வரை ஓட்டுவார், அடுத்த படத்துக்கு அவசரமில்லை. பிரான்சின் பெரிய படக் கம்பெனியான பதே நிறுவனம் 1907 முதல் வாடகைக்கு மாறியது. மெலியஸ் 1911இல் ஸ்டுடியோவை அடமானம் வைத்து பதேயிடமே பணம் வாங்கினார். 1913இல் எல்லாம் நின்றது. முதல் உலகப் போர்க்காலத்தில் ராணுவம் நூற்றுக்கணக்கான பிரதிகளை எடுத்து உருக்கியது. செல்லுலாய்டு பூட்ஸ் குதிகாலாகப் போயிற்று. பூட்ஸ் வியாபாரியின் மகனுக்கு இப்படி நேர்ந்ததை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. 1923இல் ஸ்டுடியோ கைவிட்டுப் போனபோது வைக்க இடமில்லாமல் நெகட்டிவ்களைத் தானே எரித்தார். எடுத்த ஐந்நூற்றுச் சொச்சம் படங்களில் இருநூறு அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன. மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் இருந்தவரைப் பின்னர் ஒரு பத்திரிகை ஆசிரியர் அடையாளம் கண்டார். 1931இல் பிரான்சின் உயரிய ‘லெஜியன் ஆஃப் ஆனர்’ விருதை அவருக்கு அணிவித்தவர் லூயி லூமியேர். 1938 ஜனவரி 21இல் இறந்தார்.

திரையிட, ‘நிலவுக்குப் பயணம்’ படத்தின் 2011இல் வெளிவந்த வண்ணப் பதிப்பையே தேடி எடு. 1993இல் பார்சிலோனாவில் கிடைத்த சுருள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்ததைப் பிரித்து 13,375 பிரேம்களை மீட்டார்கள். மெலியஸின் படங்களுக்கு வண்ணம் தீட்டியது மதாம் துய்யியேயின் பட்டறை. சுமார் இருநூறு பெண்கள், ஆளுக்கு ஒரு வண்ணம், பிரேமுக்குப் பிரேம் தூரிகையால். நிலவுவாசி குடை அடிபட்டுப் புகையாகும் இடத்தில் படத்தை நிறுத்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்து. ஒட்டு எந்தப் பிரேமில் விழுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
முத்து