முதலில் ஜீனோ, அப்புறம் வந்தியத்தேவன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரில் வழக்கம்போலத்தான்: மத்தியானம் மழை, சாயங்காலம் புழுக்கம். அம்மா நலம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். நம் பள்ளிக்கு எதிரே இருந்த காப்பிக்கடையைப் புதுப்பிக்கிறார்கள். பரோட்டாக் கடை அண்ணன் அதுவரை பக்கத்து புளோக்கில் கடை போட்டிருக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்கும் உயர்நிலை மூன்றில் இருக்கும் உன் தங்கைக்கும் தமிழ் நாவல்கள் சொல்லச் சொன்னாய். கூடவே "தமிழ் வளரும்படியான புத்தகமாக இருக்கட்டும்" என்றும் எழுதியிருந்தாய். அந்த எண்ணத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வை. நம்மைப்போல் இங்கே படித்தவர்களுக்குத் தமிழ் என்றாலே கருத்தறிதல் பகுதி, கீழே ஐந்து கேள்விகள். ஒரு பத்தியைப் படிக்கும்போதே எதைக் கேட்பார்களோ என்று கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. உன் தங்கைக்கு இப்போது வேண்டியது, கடைசிப் பக்கத்தில் கேள்வியே இல்லாத தமிழ். அடுத்து என்ன ஆகும் என்று அவளே கேட்கும்படியான கதை.

அதனால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'விலிருந்து தொடங்கச் சொல். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிள்ளை பெற்றுக்கொள்வதற்கே அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கும் ஒரு எதிர்கால இந்தியா. நிலா, சிபி, ரவி என்று எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். நாட்டை ஆளும் ஜீவாவுக்கும் அப்படியே. நிலாவின் கணவன் காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவியோடு ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியும் வருகிறது. அந்த நாய்தான் கதையையே தூக்கிக்கொண்டு போகும். அது பேசும், வாதாடும், போகப்போகத் தானாகவே யோசிக்கவும் தொடங்கும். தொடக்கப்பள்ளியில் நாம் 'ஷெர்லாக் சாம்' வரிசையில் வரும் வாட்சன் ரோபோவுக்காகவே அடுத்தடுத்த புத்தகத்துக்கு நூலகத்தில் காத்திருந்தோமே, அதே பாசம் ஜீனோ மேலும் வரும். வாக்கியங்களும் சின்னச் சின்னது. அகராதியே வேண்டாம். சுஜாதா கற்பனை செய்த ஆண்டு நமக்குக் கடந்த காலமாகிவிட்டது. ஆனாலும் பேசும் இயந்திரங்களோடு வளரும் உன் தங்கைக்கு அந்தக் கதை நம்மைவிட நெருக்கமாகப் படும். பிடித்துவிட்டால் 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. அதற்குப் பிறகு துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் வரும் 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை அலைக்கழிக்கும். இரவில் தனியாகப் படிக்க வேண்டாம் என்று சொல்லி வை, கட்டாயம் இரவில்தான் படிப்பாள்.

இரண்டாவதாக, ஒரே மத்தியானத்தில் முடிக்கக்கூடியது: சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. கதையும் ஒரு மத்தியானத்தில் நடப்பதுதான். தன் அப்பாவைக் கொன்ற காரி காளையை அணைக்கப் பிச்சி செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அவ்வளவுதான் கதை, ஆனால் ஒரு வரிகூட வீணாகப் போகாது. பேச்செல்லாம் மதுரைப் பக்கத்துப் பேச்சு. அதைக் கண்ணால் படித்தால் முதலில் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் சரளமாக வரும். அங் மோ கியோ நூலகத்தில் சனிக்கிழமைகளில் சில உயர்நிலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? அதில் ஒரு பையன், வீட்டில் முழுக்க ஆங்கிலம்தான். வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, காரி வாடிவாசலுக்கு வரும் இடத்தை மெதுவாகப் படித்தான். மற்றவர்கள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். "அப்புறம்?" என்று ஒரு சின்னப்பெண் கேட்டாள். நான் குறுக்கே எதுவும் விளக்கவில்லை.

இப்போது 'பொன்னியின் செல்வன்'. "படம் பார்த்துவிட்டேன், கதை தெரியும்" என்று உன் தங்கை சொல்வாள். எங்கள் வட்டத்துப் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். 2022, 2023 இரண்டு படங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம்தான். கல்கி எழுதியதோ ஐந்து பாகம், 1950இலிருந்து 1954வரை வாராவாரம். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு நாமும் கிளம்பினால், கடம்பூர் மாளிகைச் சதியைக் கேட்பதற்கு முன்பே அவன் நம் நண்பனாகிவிடுகிறான். ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டைகளும், கோடிக்கரையில் பூங்குழலி படகு வலிக்கும் அத்தியாயங்களும் புத்தகத்தில்தான் முழுதாக இருக்கின்றன. பூங்குழலிக்காகவே நான் இரண்டாம் முறை படித்தேன். கதையில் எல்லோரும் யாரோ ஒருவருடைய அரியணைக்காக ஓடுகிறார்கள், அவளுக்கு மட்டும் கடல் போதும். (குந்தவை உனக்குப் பிடிக்கும் என்று தெரியும், சண்டைக்கு வராதே.)

இந்த நாவலைப் படிக்க ஒரு வழி உண்டு. வாரப் பத்திரிகைக்காக எழுதியது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிற்கும். அடுத்த வாரம் வாங்க வைக்க வேண்டுமே! அத்தியாயமும் சின்னது. அதனால் எம்ஆர்டி ரயில் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. காலையில் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. பெயர்கள்தான் முதலில் மலைப்பாக இருக்கும். பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், அப்புறம் எத்தனையோ குறுநில மன்னர்கள். ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல். முதல் பாகம் முடிவதற்குள் தாள் தேவைப்படாது. புத்தகம் வாங்கவும் வேண்டாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் மதுரைத் திட்டம் தளத்தில் முழுவதும் இலவசம்.

சாண்டில்யனின் 'கடல் புறா'வும் உன் பட்டியலில் இருந்தது. மூன்று பாகம். கடாரமும் சுமத்ராவும் வருவதால் நம் பக்கத்துக் கடலிலேயே நடக்கிற கதை. கப்பல் சண்டைகள் அபாரம். ஆனால் பெண்களை வர்ணிக்கத் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போகும். எனக்கு அது அலுப்பூட்டியது, தாண்டித்தான் போனேன். கடலுக்காகப் படி.

இப்போது உனக்கு. தங்கைக்கு இன்னும் சில வருடம் போகட்டும், நீ இதை இப்போதே படிக்க வேண்டும்: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அவர் எழுதியது மொத்தமே இரண்டு நாவல். மற்றொன்று 'கடலுக்கு அப்பால்'. அவரே இளவயதில் சுமத்ராவிலிருக்கும் மேடானுக்குப் பிழைக்கப் போனவர், அதனால்தான் அந்தத் தெருக்களை அப்படி எழுத முடிந்திருக்கிறது. ஜப்பானியர் காலம். செட்டியார் கடைகளில் வேலை பார்க்க வந்த இளைஞர்கள், இந்திய தேசிய ராணுவம், மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற மரக்கப்பலில் போகும்போது அடிக்கும் புயல். நம் பாட்டிமார்கள் அரைகுறையாகச் சொல்லி நிறுத்திய அந்த வருடங்கள் தமிழில் இவ்வளவு கிட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்று எனக்கு யாரும் பள்ளியில் சொல்லவில்லை. துவான் (மலாயில் 'ஐயா') என்று யாராவது கூப்பிட்டால் தமிழ்நாட்டு வாசகர் கொஞ்சம் நின்று யோசிப்பார், நமக்கு அந்தத் தடை கிடையாது. கதாநாயகன் பாண்டியனுக்கு நம் வயதுதான் இருக்கும். சங்கப் பாட்டையும் சித்தர் பாட்டையும் கிண்டலாக மனசுக்குள் புரட்டிக்கொண்டே நடப்பான். அவன் நினைப்பு எங்கே முடிகிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் பிடிபடாது. நிற்காமல் போய்க்கொண்டே இரு, இரண்டு பக்கம் தாண்டினால் தெளிந்துவிடும்.

நம் ஊர் எழுத்தையும் விட்டுவிடாதே. மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர் அவர். இராம. கண்ணபிரானின் சிறுகதைகளையும் தேடிப் பார். 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் சிங்கப்பூர்த் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றை மின்னாக்கம் செய்திருக்கிறார்கள், அங்கிருந்தே படிக்கலாம். உன் நூலக அட்டை இன்னும் செல்லுபடியாகும் என்றால் லிபி செயலியிலும் தமிழ் மின்னூல்கள் இருக்கின்றன. எல்லாத் தலைப்பும் இருக்காது, ஆனால் தேடுவதே சுவாரஸ்யம்.

தங்கையைச் சனிக்கிழமை அங் மோ கியோ நூலகத்துக்கு வரச் சொல். என்னிடம் இருக்கும் ஜீனோ பிரதியைக் கொடுத்துவிடுகிறேன், திருப்பித் தர அவசரமில்லை. நீ சிங்காரத்தைத் தொடங்கியதும் எழுது. புயல் வரும் அத்தியாயத்தை மட்டும் பேருந்தில் படிக்காதே, உட்கார்ந்து படி. டிசம்பரில் நீ வரும்போது அதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழி