மீன் வாய் போல

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நானும் எக்கோ, அதான் அந்த இதய ஸ்கேன், எடுத்துவிட்டு வந்தேன். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலான உன் அயோர்டிக் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் என்றதும், பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்று உன் டாக்டர் சொன்னாரே, அதற்காகத்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜில்லென்று ஜெல் தடவினார்கள். திரையில் என் வால்வு மீன் வாய் போலத் திறந்து திறந்து மூடியது. எனக்கும் இரண்டு இதழ்தான். 62 வருஷமாகத் தெரியாமலே இருந்திருக்கிறது. நூறு பேரில் ஒருவர், இருவருக்கு இப்படி இருக்குமாம். உன் மூக்கு மட்டும்தான் என்னுடையது என்று உன் அம்மா இனிமேல் சொல்ல முடியாது.

வால்வு பரவாயில்லை, வயசுக்குத் தக்கபடி கொஞ்சம் தடித்திருக்கிறது. அதற்கு மேலே, ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோகிற பெரிய குழாயான மகாதமனிதான் விரிந்திருக்கிறது, 42 மில்லிமீட்டர். வருஷம் ஒரு தடவை வந்து அளந்துகொள்ளச் சொன்னார்கள்.

ஓடலாமா என்று கேட்டிருந்தாய். உன் ரிப்போர்ட்டில் வால்வில் சுருக்கம் இல்லை, கசிவு லேசு, மகாதமனியும் சரியான அளவில்தான் இருக்கிறது. உன் டாக்டரே ஓடு என்கிறார், நான் யார் தடுக்க? எனக்கு உறுத்துவது நீ வெயிட் தூக்குவது. நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். பார்பெல் தரையை விட்டுக் கிளம்பும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறாய், கழுத்து நரம்பெல்லாம் புடைக்கிறது. மூச்சை அடக்கிப் பெரிய எடை தூக்குகிறவர்களுக்கு அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டியதைக்கூட அளந்திருக்கிறார்கள். அது போய் மோதுகிற இடம் இந்த மகாதமனிச் சுவர். என்னுடையது விரிந்தது போல உன்னுடையதும் நாளடைவில் விரியலாம். எடையைக் குறைத்துக்கொண்டு, மூச்சை விட்டபடியே தூக்கு. எவ்வளவு வரை தூக்கலாம் என்று டாக்டரிடம் கிலோ கணக்காகவே கேட்டுவிடு. 'பார்த்து செய்யுங்கள்' என்று சொன்னால் விடாதே. கோச்சிடமும் சொல்லிவிடு, டீமில் இடம் போனால் போகட்டும்.

அப்புறம், போன மாதம் தலை சுற்றியது, வெயில்தான் என்று போகிற போக்கில் சொன்னாய். ஓடி முடித்துச் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தங்கித் தலை சுற்றும், பெரும்பாலும் அதில் பயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டினாலோ நெஞ்சை அடைத்தாலோ விஷயம் வேறு. டாக்டரைப் பார்க்கும் வரை ஷூவைத் தொடக் கூடாது.

உனக்கு வந்தது ஓடும்போதா, நின்ற பிறகா? இன்றைக்கே போன் பண்ணு.

அப்பா