இரண்டே அலைகளின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கெல்லி ஸ்லேட்டர் அலைச்சறுக்கில் 11 முறை உலகப் பட்டம் வென்றவர் என்று எழுதும்போது, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். நடுவர்கள் ஐவர், ஒவ்வோர் அலைக்கும் 10க்கு இத்தனை என மதிப்பெண் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டுதான் சேரும்.

2005இல் பசிபிக் தீவான தஹிதியின் தியாஹுபோ கடற்பகுதியில் நடந்த போட்டியின் இறுதிச் சுற்றில் ஸ்லேட்டர் எடுத்தது 20க்கு 20! சிற்றலைகள் அடிக்கும் புளோரிடாவின் கோகோ பீச்சில் வளர்ந்தவர் என்பதை நினைத்தால் வியப்பு கூடுகிறது. தியாஹுபோவில் அலை குழாயாகச் சுருளும்போது பின்காலில் எடை கூடினால் பலகை வேகமிழந்து நுரைக்குள் சிக்கும். முன்காலில் கூடினால் பலகையின் முன்முனை நீரில் குத்திக் கவிழும்.

முதல் பட்டம் 1992இல், 20 வயதில். கடைசிப் பட்டம் 2011இல், 39 வயதில்.

இப்படிக்கு,
அலைச்சறுக்கு ஆர்வலர்கள்