வெள்ளைப்பூண்டு இல்லைங்க, வெள்ளைப்போளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 6-ஆம் தேதி உங்கள் பேப்பரில் மூன்று ராஜாக்கள் திருநாளைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ராஜாக்கள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்பூண்டு மூன்றையும் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது. நான் செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கனும் கூட, அதனால் அந்த ஒரு வரியில் எனக்கு இரண்டு பக்கமும் அடி. கடையில் எடை போடும் பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பிள்ளை பெத்த உடம்புக்குப் பூண்டு நல்லதுதானேண்ணா, விவரமான ராஜாக்கள்தான்" என்றான். கடையே சிரித்தது. நானும்தான்.

சிரித்து முடித்த பிறகு அவனிடம் சரி, வெள்ளைப்போளம் என்றால் என்னடா என்று கேட்டேன். முழித்தான். தினமும் அவன் தூசி தட்டுகிற மேல் வரிசையில் மூன்றாவது டப்பாவில் அதுதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றிருந்த நாலைந்து பேரைக் கேட்டேன், ஒருவர் சந்தனம் என்றார், ஒருவர் பன்னீர் என்றார், வருடா வருடம் குடில் கட்டுகிறவரே "ஏதோ வாசனைச் சாமான்" என்று முடித்துவிட்டார். அதனால் பூண்டு போட்ட உங்கள் உதவி ஆசிரியரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளைப்போளம் ஒரு மரப்பிசின். ஏமன், சோமாலியா, எத்தியோப்பியா பக்கத்து வறண்ட காட்டில் வளரும் முள் மரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து இறுகுவது. பேரில்தான் வெள்ளை, கையில் எடுத்தால் செம்பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான கட்டியாக, மேலே மாவு பூத்த மாதிரி இருக்கும். உடைத்தால் உள்ளே கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு. வாசனை இருக்கிறது, ஆனால் மல்லிகை, சந்தனம் மாதிரி மனசை இழுக்கிற வாசனை இல்லை, பழைய மரப்பெட்டியைத் திறந்ததும் வருமே அந்த மாதிரி ஒன்று. நாக்கில் வைத்தால் கசப்பு, சாதாரணக் கசப்பு இல்லை. போளம் என்று மட்டும் கேட்டு வருகிறவர்களுக்குப் பாதிக் கடைகளில் கரியபோளத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கிய மூசாம்பரம், சுளுக்குக்குப் பத்துப் போடுகிறது, முந்திக் காலத்தில் பால் மறக்கடிக்கத் தாய்மார்கள் மார்பில் தடவிக்கொண்டதும் அதுதான். இரண்டும் வேறு வேறு.

இனி உங்கள் செய்தியின் மற்ற விஷயத்துக்கு வருகிறேன். மத்தேயு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்கள்தான் இந்தக் கதைக்கு மூலம், மற்ற மூன்று நற்செய்திகளிலும் இது கிடையாது. அதில் ராஜாக்கள் என்ற சொல்லே அவர்களுக்கு இல்லை. நாங்கள் படிக்கிற மொழிபெயர்ப்பில் ஞானிகள், பழைய புராட்டஸ்டண்ட் பைபிளில் சாஸ்திரிகள், கிழக்கே இருந்து நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள். மூன்று பேர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள், சிரியப் பாரம்பரியத்தில் 12 பேர் என்றுகூடச் சொல்வதுண்டு. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களெல்லாம் பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தவை. அவர்கள் குழந்தையைப் பார்த்தது மாட்டுக் கொட்டகையிலும் இல்லை, ஒரு வீட்டுக்குள். குடிலில் இடையர்களோடு ஒட்டகத்தையும் சேர்த்து நிறுத்துவது நம் வசதிக்கு. அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை, ஒட்டகம் இல்லாத குடிலை எந்தப் பிள்ளை நின்று பார்க்கும்?

திருநாளுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஆண்டவரின் திருக்காட்சி. சி.எஸ்.ஐ.யில் பிரசன்னத் திருநாள் என்பார்கள். எப்பிபனி என்ற கிரேக்கச் சொல்லுக்கும் வெளிப்படுதல் என்றுதான் அர்த்தம், யூதர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த மெசியா என்கிற மீட்பர் வெளியாருக்கும் காட்டப்பட்ட நாள். கிழக்குச் சபைகள் இதே நாளில் யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடுகின்றன, பக்கத்துக் கேரளத்தில் அதற்கு ராக்குளிப் பெருநாள் என்று ஒரு பெயரும் உண்டு. இந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது ராஜா கேட்டதும் எருசலேமின் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் பெத்லகேம் என்று டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர், நம் டவுனிலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற தூரம்தான். ஒருத்தர் கிளம்பிப் போய்ப் பார்த்ததாக இல்லை. எங்கிருந்தோ நடந்து வந்த வெளியூர்க்காரர்கள்தான் போனார்கள்.

காணிக்கைகளுக்கு வருவோம். பொன் ராஜாவுக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிற மனிதனுக்கு. இந்த விளக்கம் ஏதோ ஒரு சாமியார் போன வாரப் பிரசங்கத்தில் கண்டுபிடித்தது இல்லை, 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இரனேயு ஏற்கெனவே எழுதிவைத்தது. பொன்னைப் பற்றி நான் நீட்டத் தேவையில்லை, அரிசிப்பாளையத்தில் எங்கள் மறைமாவட்டத்தின் பேராலயமே குழந்தை இயேசு பேராலயம்தான், குழந்தை இயேசு சுரூபம் என்றாலே தலையில் கிரீடம், கையில் உலக உருண்டை. சாம்பிராணிதான் கொஞ்சம் குழப்பும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவோம், அதனால் அந்த வசனத்தைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது குழந்தையின் ஈரத் தலைதான். மத்தேயு சொல்வது எருசலேம் ஆலயத்தில் கடவுளுக்கு முன் எரித்த தூபம். பொருளும் வேறு. நாங்கள் கடையில் விற்கிற சாம்பிராணி சுமத்ரா பக்கத்துப் பிசின், அது ஓமன், ஏமன் பக்கத்துப் பிசின், நாம் குந்திரிக்கம் என்கிறோமே அந்த இனம்.

இதில் ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிற இனத்தார் ஒட்டகங்களோடு வருவார்கள் என்று ஏசாயா இறைவாக்கினர் புத்தகத்தின் 60-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது, திருக்காட்சி அன்று முதல் வாசகமாகப் படிப்பதும் அதைத்தான். அவர்கள் கொண்டுவருவது என்ன என்று பாருங்கள், பொன்னும் சாம்பிராணியும். அதோடு சரி. வெள்ளைப்போளம் அங்கே இல்லை. இறைவாக்கினர் சொன்னது இரண்டு, மத்தேயுவில் வந்து சேர்ந்தது மூன்று. அப்படி வந்து சேர்ந்த அந்த ஒன்றைத்தான் நீங்கள் பூண்டு ஆக்கிவிட்டீர்கள்!

ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற அம்மா ஒருவர் மாதம் ஒரு தடவை எங்கள் கடைக்கு வருவார், சுக்கு, திப்பிலி, சித்தரத்தை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மலையேறிவிடுவார். சேர்வராயன் சாமியைக் கும்பிடுகிறவர். இது பறிப்புக் காலம், விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. நானும் பையனும் இந்தப் பேப்பரை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அது என்ன சாமான் காட்டுங்க என்றார். டப்பாவை இறக்கி ஒரு துண்டு கையில் கொடுத்து, அந்தக் காலத்தில் அவங்க ஊரில் பிணத்துக்கு வைத்துக் கட்டுகிறது என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு உடனே திருப்பி வைத்தார். "பிள்ளை பார்க்கப் போற வீட்டுக்கு யாராச்சும் கோடித் துணி எடுத்துட்டுப் போவாங்களா?" என்று கேட்டார்.

ஐம்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன், இப்படி எனக்கு யாரும் சொன்னதில்லை. நம் ஊரில் பிள்ளை பார்க்கப் போனால் வெள்ளிக் கொலுசு, அரைஞாண், வசதி இருந்தால் மோதிரம். யாராவது கோடியை எடுத்துக்கொண்டு நுழைந்தால் பாட்டிமார் சும்மா விடுவார்களா? மரியாள் அந்த மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தபோது முகம் எப்படி இருந்திருக்கும் என்று மத்தேயு எழுதவில்லை.

அதே சாமான் அந்தக் குழந்தையின் கதையில் அப்புறம் இரண்டு தடவை வருகிறது. சிலுவையில் அறையும் முன் போளம் கலந்த திராட்சை ரசம் கொடுக்கிறார்கள், அவர் வாங்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அடக்கம் செய்யும்போது நிக்கதேம் என்கிறவர் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து 100 இராத்தல் கொண்டுவந்தார் என்று யோவான் நற்செய்தியின் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. (அந்தக் கரியபோளம் நம் மூசாம்பரம் இல்லை, அகில் வகை வாசனைக் கட்டை என்கிறார்கள், அதைத் தனியாக இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.) உரோமானிய இராத்தல் சுமார் 327 கிராம், ஆக மொத்தம் 32 கிலோவுக்கு மேல். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் ஒரு ஆளுக்கு ஒரே தடவையில் அரைக்கிலோவுக்கு மேல் விற்றது கிடையாது.

போளம் சாவுக்கு மட்டுமா என்று யாராவது கேட்கலாம், நியாயமான கேள்வி. எஸ்தர் ராணியாவதற்கு முன் 6 மாதம் போள எண்ணெய் பூசினார்கள் என்று பைபிளிலேயே இருக்கிறது, குருக்களுக்கு அபிஷேகம் செய்கிற தைலத்திலும் அது உண்டு, கல்யாணப் பாட்டிலும் மணக்கிறது. காணிக்கை கொண்டுவந்தவர்கள் விலை உயர்ந்த வாசனைப் பொருள் என்று நினைத்தேகூடக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் கல்லறை வரைக்கும் படித்துவிட்டுத் திரும்பி வந்து அந்த வசனத்தைப் படிக்கிறவன் மூக்கில் கல்யாண வாசனை வராது. என் அபிப்பிராயம் இரனேயு பக்கம்தான்.

உங்கள் செய்தியில் வீட்டு நிலையில் சாக்பீஸால் எழுதுகிற வழக்கத்தைச் சொல்லியிருந்தது நல்ல விஷயம். முதலில் 20, நடுவில் சிலுவைக் குறிகளோடு சி, எம், பி, கடைசியில் வருடத்தின் மிச்ச இரண்டு எண். அது மூன்று ராஜாக்களின் பெயர் என்று மட்டும் போட்டிருந்தீர்கள், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்கிற லத்தீன் வாக்கியத்தின் முதல் எழுத்துகள் என்றும் சொல்வார்கள். மலையில் ஒரு வீட்டு நிலையில் இதைப் பார்த்துவிட்டு, போலியோ சொட்டு மருந்து கொடுத்தாகிவிட்டது என்று போட்ட குறி என நினைத்து அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த சொட்டு மருந்து ஊழியர் ஒருவர் அந்த வீட்டைத் தாண்டிப் போன கதையும் உண்டு.

மறுப்புச் செய்தி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் இந்தப் பெட்டிச் செய்தியைத் திரும்ப எடுக்கும்போது அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள், ராஜாக்களை ஞானிகள் என்று போட்டால் இன்னும் சந்தோஷம். உங்கள் சேலம் நிருபர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள், டப்பாவை இறக்கிக் காட்டுகிறேன், ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்க்கட்டும். தண்ணீர் பாட்டில் மட்டும் கையோடு கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.